தாமஸ் மன்னின் கணக்கும் பரங்கிமலைக்கு வந்த குதிரைப்படையும்

பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் மெர்க்கன்டிலிசம் என்று ஒரு பாரா வரும். ஏற்றுமதி கூட வேண்டும், இறக்குமதி குறைய வேண்டும், மிச்சம் தங்கமாகவும் வெள்ளியாகவும் நாட்டுக்குள் வரவேண்டும், அதுதான் நாட்டின் பலம். இரண்டு மார்க் கேள்விக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் அந்தப் பாராவுக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் தேடிப் போனால், கதை லண்டனில் ஆரம்பித்து தாம்பரத்துக்குப் பக்கத்தில் பரங்கிமலை வரை வந்து நிற்கிறது.

அந்த ஆள் தாமஸ் மன் (1571-1641). லண்டன் வியாபாரி. 1615-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவரானவர். கம்பெனிக்கு அப்போது ஒரு பெரிய கெட்ட பெயர் இருந்தது. இங்கிலாந்தின் கம்பளித் துணியை இந்தப் பக்கத்தில் யாரும் பெரிதாக வாங்கவில்லை (நம்ம ஊர் வெயிலுக்கு யார் வாங்குவார்கள்? :-)). எனவே மிளகுக்கும் துணிக்கும் வெள்ளியாகத்தான் விலை கொடுக்க வேண்டியிருந்தது. நாட்டின் செல்வத்தையெல்லாம் கப்பலில் ஏற்றி வெளியே அனுப்புகிறார்கள் என்று லண்டனில் கூச்சல்.

மன் 1621-ல் இதற்குப் பதிலாக ஒரு நூல் வெளியிட்டார். பிறகு அதே விஷயத்தை இன்னும் விரிவாக எழுதினார். அது அவர் இறந்து 23 வருடம் கழித்து, 1664-ல், அவர் மகன் மூலம்தான் அச்சுக்கு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, மனிதர் நன்றாகத்தான் வாதாடுகிறார். விதைக்கிற காலத்தில் மட்டும் பார்த்தால், நல்ல தானியத்தை மண்ணில் வீசுகிற விவசாயி பைத்தியக்காரன் மாதிரி தெரிவான், அறுவடையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்கிறார். அடுத்து கணக்கு. 1 லட்சம் பவுண்டை கிழக்கே அனுப்பி மிளகு வாங்கி, அதை இத்தாலிக்கோ துருக்கிக்கோ கொண்டுபோய் விற்றால் 7 லட்சம் பவுண்டு வரும். அத்தனையும் வியாபாரிக்கு லாபமில்லை. கப்பல் கூலி, மாலுமி சம்பளம், இன்சூரன்ஸ், வரி என்று பெரும்பங்கு போய்விடும். ஆனால் அதெல்லாம் நாட்டுக்குள்ளேயேதானே போகிறது? வியாபாரியின் லாபம் வேறு, நாட்டின் லாபம் வேறு என்று பிரித்துப் பார்த்ததுதான் மன்னின் கெட்டிக்காரத்தனம். வெளிநாட்டு வியாபாரம்தான் அரசனின் வருமானம், யுத்தத்துக்கும் அதுவே பலம் என்றும் முடிக்கிறார்.

அந்தப் புத்தகத்தின் தலைப்பே எல்லா வியாபார நாடுகளுக்கும் கொள்கையாகிவிட்டது என்று 1776-ல் ஆடம் ஸ்மித் எழுதினார். பாராட்டு இல்லை, குத்தல்தான்.

மன்னின் கணக்கில் யுத்தம் வியாபாரத்துக்குப் பிறகு வருகிறது. முதலில் சம்பாதிப்பது, அந்தப் பணத்தில் நாட்டைக் காப்பது. இங்கே நடந்தது தலைகீழ்.

1639-ல் மெட்ராஸில் இடம் வாங்கி, அடுத்த வருடம் கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள். முக்கிய நோக்கம் துணி வாங்குவது. 1661 சாசனத்தில், கிறிஸ்தவர்கள் அல்லாத அரசர்களோடு யுத்தமோ சமாதானமோ செய்துகொள்ளும் அதிகாரத்தை ராஜா கம்பெனிக்குக் கொடுத்தார். ஒரு கம்பெனிக்கு யுத்தம் செய்யும் அதிகாரம்! இன்றைய கம்பெனிச் சட்டம் படிக்கிறவர்களுக்குத் தலை சுற்றும். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், மூன்று வருடம் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி மறுபடி முற்றுகை போட்டார். 1759 பிப்ரவரியில் பரங்கிமலையிலேயே சண்டை நடந்தது. மருதநாயகம் என்று நாம் சொல்லும் யூசுப் கான் அதில் கம்பெனி தரப்பில் நின்றார்.

சண்டைக்கு யார் காசு கொடுப்பது? 1763-ல் ஆற்காடு நவாப் முகமது அலி செங்கல்பட்டுப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதாவது தாம்பரத்தைச் சுற்றியிருந்த ஏரிப்பாசன கிராமங்களின் நிலவரி கம்பெனிக் கணக்கில் சேர்ந்தது. 1765-ல் வங்காளத்தின் திவானி உரிமையும் கிடைத்ததும் மன்னை வாட்டிய வெள்ளிப் பிரச்சினை பெரிதும் தீர்ந்தது. இங்கே வசூலித்த வரியிலேயே இங்கே சரக்கு வாங்கி லண்டனுக்கு அனுப்பலாம். மன் விதைக்கும் அறுவடைக்கும் சொன்ன உதாரணத்தில் விதை அவருடையது. இதில் விதையும் இந்த ஊருடையது.

லண்டனில் கம்பெனி ஷேர் விலை ஏறியது. இங்கே 1767-ல் ஹைதர் அலியோடு யுத்தம் ஆரம்பித்தது. 1769 மார்ச் கடைசியில் ஹைதர் கம்பெனியின் பெரிய படையைத் தூரத்தில் அலையவிட்டு, சுமார் 6000 குதிரை வீரர்களோடு மெட்ராஸ் வாசலுக்கு வந்துவிட்டார். கோட்டையில் இருந்தவர்கள் ஆடிப்போனார்கள். டூப்ரே என்ற கவுன்சில் மெம்பர் பரங்கிமலைக்குப் போய்ப் பேசினார். ஏப்ரலில் ஒப்பந்தம். பிடித்த இடங்களைப் பரஸ்பரம் திருப்பித் தருவது, ஒருவரை யாராவது தாக்கினால் மற்றவர் உதவுவது.

ஹைதரின் வெற்றிகள் பற்றிய செய்தி மே மாதம் லண்டனில் பரவியதும் ஷேர் விலை மடமடவென்று சரிந்தது. பரங்கிமலையில் குதிரை கனைத்தால் லண்டன் முதலீட்டாளருக்குத் தூக்கம் போகிற நிலைமை. 1773-ல் கம்பெனி பிரிட்டிஷ் அரசிடம் 14 லட்சம் பவுண்டு கடன் வாங்கித்தான் தப்பித்தது. நாட்டுக்குப் பலம் சேர்க்கும் என்று மன் வாதாடிய அதே கம்பெனி!

கம்பெனி ஒப்பந்தத்தைக் காப்பாற்றவில்லை. மராட்டியர்கள் மைசூரைத் தாக்கியபோது உதவிக்குப் போகவில்லை. ஹைதர் 1780-ல் இன்னும் பெரிய படையோடு வந்தார். அந்த முறை அடி வாங்கியது செங்கல்பட்டு ஜாகீர் கிராமங்கள். ஊர் ஊராக எரிந்தன, ஜனங்கள் ஓடினார்கள். வரி கட்டியவர்களும் அவர்கள்தான், வீடு போனதும் அவர்களுக்குத்தான். லண்டன் பேரேட்டில் இதற்கு எந்தத் தலைப்பும் கிடையாது.

நூறு வருடம் கழித்து மன்னின் கணக்கை இந்தியர்கள் கையில் எடுத்தார்கள். தாதாபாய் நௌரோஜி 1867-லிருந்து கேட்ட கேள்வி எளிமையானது. இந்தியாவின் ஏற்றுமதி இறக்குமதியைவிட அதிகம். மன் சொன்னபடி பார்த்தால் செல்வம் குவிய வேண்டும். எங்கே அது? இந்தியா லண்டனுக்குக் கட்டிய 'ஹோம் சார்ஜஸ்', வெள்ளைக்கார அதிகாரிகளின் பென்ஷன், கடன் வட்டி, ராணுவச் செலவு என்று மிச்சம் போய்க்கொண்டிருந்தது. மெட்ராஸில் 'சுதேசமித்திரன்' ஜி. சுப்பிரமணிய ஐயரும் இதே வழியில் எழுதினார். பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதாரம் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1903-ல் வந்தது. பத்திரிகைக் கட்டுரைகளுக்காக 1908-ல் ராஜத்துரோக வழக்கில் அவரைக் கைது செய்தார்கள்.

ஏற்றுமதி மிச்சம் என்ற ஒரே எண் இங்கிலாந்துக்கு வரவாகவும் இந்தியாவுக்குச் செலவாகவும் இருந்ததற்குக் காரணம் வியாபாரத் திறமை அல்ல, பட்டாளம் யார் கையில் என்பதுதான். அந்தப் பட்டாளத்தின் சம்பளமும் இந்தியக் கணக்கில்தான் எழுதப்பட்டது. 1878-80 ஆப்கானிஸ்தான் யுத்தச் செலவில்கூடப் பெரும்பகுதி இந்தியாவின் தலையில்தான் விழுந்தது.