சார்ஜரைக் கழற்றியதும்

“சார்ஜர் போட்டிருந்தா பறக்குதுண்ணே, கழட்டுனா படுத்துடுது.” வடலூர் நாலு ரோட்டுப் பக்கம் லேப்டாப் சர்வீஸ் செய்கிற எனக்கு, வைரஸ் புகாருக்கு அடுத்தபடியாக அதிகம் வந்த புகார் இதுதான். இதற்காகவே விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஹார்டு டிஸ்க்கை மாற்றியவர்கள் உண்டு. கைமாற்று வாங்கிப் புது பேட்டரி போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகும் மிஷின் முன்போலவேதான் இருந்தது. காரணம், பெரும்பாலும் அங்கே பழுது என்று ஒன்றும் இல்லை. பேட்டரியில் ஓடும்போது வேகம் குறைய வேண்டும் என்று தீர்மானித்தே அந்த மிஷினைச் செய்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் எங்கள் ஊர்ப்பக்கத்து அனுபவமும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது.

தொடக்கத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. 1981-இல் வந்த ஆஸ்போர்ன் 1, கையில் தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டர் என்று விற்கப்பட்டது. எடை ஏறக்குறைய 11 கிலோ. உள்ளே பேட்டரி இல்லை. போன இடத்தில் பிளக் பாயின்ட் தேட வேண்டும். 1983-இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 நான்கு சின்ன டபுள் ஏ செல்லில் ஓடியது. வெளியூர் போகும் பத்திரிகை நிருபர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். அதன் சிப்புக்கு மொத்த வேகமே 2.4 மெகாஹெர்ட்ஸ்தான். அதில் குறைக்க என்ன இருக்கிறது?

சிப்பின் வேகம் ஏற ஏறத்தான் பேட்டரிக்குக் கஷ்டம் வந்தது. 1990-இல் இன்டெல் லேப்டாப்புக்கென்றே 386எஸ்எல் என்ற சிப்பைச் செய்தது. வேலையில்லாத நேரத்தில் மிஷினை உறங்க வைக்கும் வசதி அதில் இருந்தது. 1992-இல் மைக்ரோசாஃப்ட்டுடன் சேர்ந்து ஏபிஎம் என்ற பொது ஏற்பாடு, 1996-இல் தோஷிபாவும் சேர்ந்துகொள்ள ஏசிபிஐ. இதெல்லாம் சும்மா இருக்கும் நேரத்தில் செய்கிற சிக்கனம். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வேகத்தைக் குறைக்கும் முடிவு கடைகளுக்கு வந்தது 2000 ஜனவரியில்.

அந்த மாதம் இன்டெல், ஸ்பீட்ஸ்டெப் என்ற ஏற்பாட்டோடு லேப்டாப்புக்கான பென்டியம் 3 சிப்பை வெளியிட்டது. அதில் ஒன்றின் வேகம் 650 மெகாஹெர்ட்ஸ். சார்ஜரைக் கழற்றினால் அது 500-க்கு இறங்கிவிடும். சிப்புக்குப் போகும் வோல்டேஜும் 1.6-இலிருந்து 1.35-க்கு இறங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். சிப் செலவழிக்கும் மின்சாரம் அதன் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும்; வோல்டேஜின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் ஏறும். 500-ஐ 650-ஆல் வகுத்தால் 0.77. 1.35-ஐ 1.6-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.71. இரண்டையும் பெருக்கினால் 0.55. வேகத்தில் கால் பங்குக்கும் குறைவாக விட்டுக்கொடுத்தால் மின்செலவில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மிச்சமாகிறது. 2003-இல் வந்த பென்டியம் எம் இதைப் பல படிகளாக்கியது. அதன் 1.6 கிகாஹெர்ட்ஸ் சிப் 600 மெகாஹெர்ட்ஸ் வரை இறங்கும், வோல்டேஜ் 1.484-இலிருந்து 0.956-க்கு வரும். அதே கணக்கைப் போட்டால் மின்செலவு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. டைப் அடிக்கிறவருக்கும் கணக்கு எழுதுகிறவருக்கும் இதைவிட நல்ல பேரம் கிடைக்காது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

பேட்டரியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அந்தக் காலத்து லேப்டாப் பேட்டரியை விளிம்பில் மெல்லிய கத்தி கொடுத்துப் பிளந்தால் உள்ளே ஆறு செல் இருக்கும். ஒவ்வொன்றும் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரியது. இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று ஜோடி, வரிசையாக நிக்கல் தகட்டால் வெல்டிங் செய்திருக்கும். ஓரத்தில் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, செல்லோடு ஒட்டிக்கொண்டு சூடு பார்க்கும் ஒரு சென்சார். மேல் லேபிளில் 11.1 வோல்ட், 4400 எம்ஏஎச் என்றிருக்கும். பெருக்கினால் 49 வாட்-மணி. அதோடு வருகிற சார்ஜர் 65 வாட். சார்ஜர் கொடுக்கிற அளவுக்கு மிஷின் பேட்டரியிலிருந்தும் இழுத்தால் முக்கால் மணி நேரத்தில் காலி. 15 வாட்டில் ஓட்டினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும்.

பேட்டரி பழசானால் இன்னொரு சங்கடம். மல்டிமீட்டர் வைத்தால் இரண்டு ஜோடி 3.9 வோல்ட் காட்டும், மூன்றாவது 3.2-இல் நிற்கும். லோடு கொடுத்ததும் அந்தப் பலவீனமான ஜோடி சரசரவென்று இறங்கும். உள்ளே இருக்கும் போர்டு செல்லைக் காப்பாற்ற மொத்தத்தையும் துண்டித்துவிடும். திரையில் 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் பொட்டென்று அணைவது இதனால்தான். வேகத்தைக் குறைத்து ஓட்டினால் இழுவை குறையும். அந்தக் கிழட்டு செல்லும் கொஞ்ச நாள் தாங்கும்.

சரி, வடலூருக்கு வருவோம். எங்கள் ஊரிலிருந்து நெய்வேலி கூப்பிடு தூரம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கறுப்பாக ஏதோ வந்ததில் தொடங்கி, 1956-இல் பழுப்பு நிலக்கரி கார்ப்பரேஷன் அமைந்து, 1957-இல் நேரு சுரங்கத்தைத் தொடங்கிவைத்து, 1962-இல் சோவியத் உதவியோடு மின்நிலையத்தின் முதல் 50 மெகாவாட் யூனிட் ஓடத் தொடங்கிய வரலாறு இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் 2008-இல் மின்வெட்டு முறைவைத்து வரத் தொடங்கியபோது எங்கள் பக்கத்து ஜனங்களால் அதை ஜீரணிக்கவே முடியவில்லை. “புகைபோக்கி கண்ணுக்குத் தெரியுது, கரண்ட் மட்டும் இல்லையா?” என்று கடையில் உட்கார்ந்து கேட்பார்கள். மின்சாரம் கிரிட்டுக்குப் போய்ப் பல மாநிலத்துக்கும் பங்காகிறது என்பது விவரம். ஆனால் அதைக் கேட்டு யாருக்கு மனசு ஆறும்? 2012-இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத நாட்கள் வந்தன.

அப்போது நான் டிடிபி சென்டரும் சேர்த்து நடத்திக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, சன்மார்க்க சங்கத்து நோட்டீஸ், ஃப்ளெக்ஸ் டிசைன். அந்த வருடங்களில் எங்கள் தொழிலில் ஒரு வழக்கமே உருவாயிற்று: பேட்டரி வேலை தனி, கரண்ட் வேலை தனி. பேஜ்மேக்கரில் தமிழ் டைப் அடிப்பதும் புரூஃப் திருத்துவதும் பேட்டரி வேலை. கரண்ட் இல்லாத நேரத்தில் லேப்டாப்பை மடியில் வைத்து முடித்துவிடலாம். அதற்குக் குறைந்த வேகமே தாராளம். போட்டோஷாப்பில் பத்தடி ஃப்ளெக்ஸ் ஃபைலைத் திறப்பதெல்லாம் கரண்ட் வேலை. பேட்டரியில் அதைத் திறந்தால் மணல் கடிகாரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இழுவையும் கூடி, படம் சேவ் ஆகுமுன் சார்ஜ் தீர்ந்துவிடும். வேலைக்கு வந்த பையன்களுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் இந்தப் பிரிவினை தெரியும். மதியம் எந்த மணிக்குக் கரண்ட் வரும் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டி, வேலைகளை அதற்கேற்ப அடுக்குவோம். இன்டெல் இன்ஜினியர்கள் சிப்புக்குள் வைத்த பேரத்தை நாங்கள் வேலை நேரத்தில் வைத்துக்கொண்டோம்.

இதற்கு நடுவேதான் தானே புயல். 2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாக விழுந்துகிடந்தன. கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கானது. ஜெனரேட்டர் வைத்திருந்த கடைகளில் செல்போனும் லேப்டாப்பும் சார்ஜ் ஏற்றக் கூட்டம் நின்றது. நிவாரணத்துக்குப் பெயர்ப்பட்டியல் அடிக்க வேண்டியவர்கள், மரம் விழுந்த கணக்கை எழுத வேண்டியவர்கள் எல்லாம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடுத்த தைப்பூசத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம்கூட இல்லை. அன்று எங்கள் ஊரில் நடக்கும் ஜோதி தரிசனத்துக்கு நோட்டீஸ் அடித்தாக வேண்டும். அந்த நாட்களில் திரை வெளிச்சத்தைக் குறைத்து, மிஷினைப் பவர் சேவரில் போட்டு, ஒரே சார்ஜில் ஒரு பட்டியலை முடிப்பது எப்படி என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். மெதுவாக ஓடுவதைப் பற்றி அப்போது யாரும் குறை சொன்னதில்லை. பட்டியல் முழுதாக முடிந்ததே பெரிய காரியமாக இருந்தது.

அதே 2011 செப்டம்பர் 15-இல் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியிருந்தது. வீட்டில் முதல் முறையாகக் கம்ப்யூட்டர் வந்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். முந்திரிக் கொட்டை உடைக்கிற அம்மா, பிளாஸ்டிக் பையில் சுற்றிய லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். “பாப்பா படிக்கிற மிஷினு தம்பி, கரண்ட் போனா சுத்திக்கிட்டே நிக்குதாம். கெட்டுப்போச்சா பாரு.” நான் பேட்டரி படத்தைத் தொட்டு, பவர் சேவரிலிருந்து பேலன்ஸ்டுக்கு மாற்றிக் கொடுப்பேன். அவ்வளவுதான் வைத்தியம். காசு வாங்க மனம் வராது. அதே புகாரோடு வேறு கடைக்குப் போனவர்களிடம் ‘மதர்போர்டு போயிடுச்சு’ என்று சொல்லப்பட்டதும் உண்டு. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. மெதுவோட்டம் தப்பில்லை. அது ஏன் என்று வாங்கியவருக்கு யாரும் சொல்லாமல் விட்டதுதான் தப்பு.

இத்தனைக்கும், 2006 முடிவில் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவிலேயே பேலன்ஸ்டு, பவர் சேவர், ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று மூன்று திட்டங்கள் வந்துவிட்டன. பேட்டரிக்குத் தனி எண், சார்ஜருக்குத் தனி எண் என்று உள்ளே இரண்டு கட்டங்களும் இருந்தன. ஆனால் அந்தக் கட்டங்கள் கன்ட்ரோல் பேனலில் நாலு கிளிக்குக்கு அப்பால் புதைந்துகிடந்தன. சில லேப்டாப்பில் சார்ஜர் போட்டிருந்தாலும் வேகம் ஏறாது; காரணம் டூப்ளிகேட் சார்ஜர். பின்னின் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசி வழியாக மிஷின் சார்ஜரின் அடையாளத்தைப் படிக்கும். அடையாளம் கிடைக்காவிட்டால் அது எத்தனை வாட் என்று தெரியாததால் வேகத்தைக் கீழேயே பிடித்துவைக்கும். இதையும் மதர்போர்டு பழுது என்றுதான் சொல்லிக் கொண்டுவருவார்கள்.

சொல்லாமல் விட்டதற்கு உலக அளவில் பெரிய விலை கொடுத்தது ஆப்பிள். பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்கவே வேகத்தைக் குறைத்தோம் என்று 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. தொழில்நுட்பப்படி அது சரியான காரியம். நான் மேலே சொன்ன கிழட்டு செல் கதைதான். ஆனால் வாங்கியவர்களிடம் தெளிவாகச் சொல்லாததால் வழக்குகள் வந்தன. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். பேட்டரியின் நிலையைக் காட்டும் பக்கமும் அதற்குப் பிறகு போனில் வந்தது.

2020 நவம்பரில் வந்த ஆப்பிள் எம்1 சிப், சார்ஜர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடியது. குறைந்த வாட்டிலேயே முழு வேகம் கிடைத்தால் பேட்டரிக்காகத் தனியாகக் குறைக்க வேண்டியதில்லை. மற்ற கம்பெனிகளும் அந்த வழியில் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் சிதம்பரத்திலிருந்து இன்ஜினியரிங் பிள்ளைகள் கொண்டுவரும் கேமிங் லேப்டாப்புக்கு இது பொருந்தாது. செங்கல் அளவு சார்ஜர், 230 வாட். பேட்டரி 100 வாட்-மணிக்குள்தான் இருக்கும். அதற்கு மேல் போனால் விமானத்தில் கொண்டுபோக விமான கம்பெனியின் அனுமதி வேண்டும். முழு வேகத்தில் விட்டால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. அந்தச் செல்களால் அவ்வளவு இழுவையை ஒரேயடியாகக் கொடுக்கவும் முடியாது. அதனால் சார்ஜரைக் கழற்றியதும் கிராபிக்ஸ் கார்டு பெட்டிப்பாம்பாக அடங்கும்.

இப்போது கடைக்கு யார் இந்தப் புகாரோடு வந்தாலும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு வேகத்தைக் காட்டுகிறேன். சார்ஜரைக் கழற்றி ஒரு எண், போட்டு ஒரு எண். இரண்டையும் அவர்கள் கையாலேயே குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸுக்குள் பவர் அண்ட் பேட்டரி பக்கத்தில் சார்ஜருக்கும் பேட்டரிக்கும் எந்த மோடு என்று தேர்ந்துகொள்ளலாம். பரீட்சை எழுதும் நேரத்தில் மட்டும் மேலே ஏற்றிக்கொள், மற்ற நேரம் அப்படியே விடு என்று சொல்லி அனுப்புகிறேன்.