முதுகைத் தொட்ட கை

முதுகுவலி மனித குலத்தின் பழைய நோய்களுள் ஒன்று. அதனைக் கையினால் அமுக்கியும் இழுத்தும் நிமிர்த்தியும் நீக்க முயன்ற முயற்சியும் அத்துணைப் பழையதே. எலும்பு இடம் பெயர்ந்துவிட்டது, அதனை முன்னிருந்த இடத்தில் வைத்துவிட்டால் வலி என்றென்றைக்கும் ஒழிந்துவிடும் என்னும் எண்ணம் பல நாடுகளில், பல காலங்களில், நோயாளியின் நெஞ்சிலும் வைத்தியனின் நாவிலும் வாழ்ந்துவந்திருக்கின்றது. இவ்வெண்ணத்தை ஒரு தனித்துறையாகவே வளர்த்தது, அமெரிக்க ஐக்கிய நாட்டிலே தோன்றிய கைரோப்பிரக்டிக் என்னும் சிகிச்சை முறையாகும். அதன் வரலாறு, கை தந்த சுகம் எவ்வளவு, சொல் தந்த நம்பிக்கை எவ்வளவு என்று பிரித்தறிய மனிதர் பட்ட பாட்டின் வரலாறு.

கிரேக்க மருத்துவப் பேராசான் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களுள் மூட்டுக்களைப் பற்றிய நூல் ஒன்று உண்டு. கூனிய முதுகை நிமிர்த்தும் வகைகள் அதிலே விரித்துரைக்கப்பட்டுள்ளன. நோயாளியைப் பலகையிலே குப்புறக் கிடத்தி, தலைப்பக்கமும் காற்பக்கமும் வார்கட்டி இழுக்கும்போது, வைத்தியன் தன் கையினாலோ காலினாலோ கூனை அழுத்த வேண்டும் என்று அந்நூல் கூறுகின்றது. நோயாளியை ஏணியிலே கட்டி உயரத்திலிருந்து குலுக்கும் ஒரு வழக்கத்தையும் அது குறிப்பிடுகின்றது. ஆயின், அதனாலே முதுகு நிமிர்ந்தவரைத் தாம் கண்டதில்லை என்றும், கூட்டத்தை வாய்பிளக்கச் செய்ய விரும்பும் வைத்தியரே அதனைப் பெரிதும் கையாளுகின்றனர் என்றும் அந்நூலாசிரியர் கண்டிக்கின்றார். வித்தைக்கும் வைத்தியத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு அன்றே உணரப்பட்டிருந்தது.

பின்னைய நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிலே இக்கலை பெரும்பாலும் நூல் கற்ற மருத்துவரிடமன்றி, பரம்பரையாகக் கைப்பழக்கம் பெற்ற எலும்பு பொருத்துவோரிடமே நிலைத்தது. நம் நாட்டு முறிவு வைத்தியரைப் போன்றவர்கள் அவர்கள். இங்கிலாந்திலே எப்சம் என்னும் ஊரில் வாழ்ந்த சாரா மாப் என்ற பெண்மணி 1736 ஆம் ஆண்டளவில் இத்தொழிலால் இலண்டன் வரை புகழ்பெற்றார். ஹோகார்த் என்ற ஓவியர் மருத்துவரை எள்ளி வரைந்த படமொன்றில் அவரையும் நடுநாயகமாக வைத்துள்ளார். இத்தகையோரைப் படித்த மருத்துவர்கள் நெடுங்காலம் இகழ்ந்தனர். எனினும் 1867 இல் சேர் ஜேம்ஸ் பாஜெட் என்னும் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர், எலும்பு பொருத்துவோர் குணப்படுத்தும் நோய்களைப் பற்றியே ஒரு விரிவுரை நிகழ்த்தினார். அவர்கள் செய்யும் தீமைகளை எடுத்துக் காட்டிய அவர், அவர்களிடமுள்ள நன்மையைக் கற்றுக்கொள்ளுமாறும் தம் மாணவருக்கு அறிவுரை கூறினார். அவ்வறிவுரை செவியேறுவதற்கு நூறாண்டுக்கு மேற் சென்றது.

கைரோப்பிரக்டிக் முறையை வகுத்த டானியல் டேவிட் பால்மர் 1845 இல் கனடாவிலே பிறந்தவர். இருபது வயதளவில் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குப் பெயர்ந்து, பள்ளி ஆசிரியராகவும், தேனீ வளர்ப்பவராகவும், மளிகைக் கடைக்காரராகவும் வாழ்ந்து, ஈற்றில் உடலின் காந்த சக்தியால் நோய் நீக்குபவராக ஐயோவா மாநிலத்து டாவன்போட் நகரிலே தொழில் நடத்தினார். அவர் இருந்த கட்டடத்தைத் துப்புரவு செய்துவந்தவர் ஹாவி லிலாட் என்னும் கறுப்பினத்தவர். பதினேழு ஆண்டுகளுக்கு முன் குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ பிசகியதாகவும், அன்றுதொட்டுக் காது கேட்கவில்லை என்றும் லிலாட் கூறினாராம். 1895 செப்டெம்பர் 18 ஆம் நாள் பால்மர் அவரது முதுகெலும்பிலே துருத்திநின்ற ஒரு கணுவைக் கையால் அழுத்தினார் என்றும், அவருக்குக் கேள்விப்புலன் மீண்டது என்றும் அம்முறையினர் வரலாறு எழுதினர். கையாற் செய்வது என்னும் பொருள்பட, கிரேக்கச் சொற்களைக் கொண்டு அம்முறைக்குப் பெயர் சூட்டியவர் பால்மரின் நண்பரான சாமுவேல் வீட் என்ற பாதிரியார்.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. முதுகுக்கு மருந்தாகப் பிற்காலத்தில் அறியப்பட்ட இம்முறை, முதுகுவலியிலிருந்து பிறக்கவில்லை, செவிட்டிலிருந்து பிறந்தது. கேள்வி நரம்போ முதுகெலும்பின் வழியே செல்வதன்று. அது காதிலிருந்து நேரே மூளைக்குச் செல்வது. ஆயினும் பால்மர் தளரவில்லை. முதுகெலும்புக் கணுக்கள் இடம் பெயர்ந்து நரம்புகளைத் தாக்குவதே நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் காரணம் என்று 1910 இல் வெளிவந்த தம் பெருநூலிலே முழங்கினார். ஒரு மனிதனின் முதுகில் தொடங்கிய கோட்பாடு உலகத்து நோய் அனைத்தையும் விழுங்க முற்பட்டது.

1897 இல் பால்மர் பாடசாலை ஒன்றை நிறுவினார். அனுமதிப் பத்திரமின்றி வைத்தியம் செய்தார் என 1906 இல் வழக்குத் தொடரப்பட்டபோது, தண்டப்பணம் கட்ட மறுத்துச் சிறைபுகுந்தார். பாடசாலை அவர் மகன் பி. ஜே. பால்மரின் கைக்கு மாறியது. தந்தை கோட்பாட்டை வகுத்தார். மகனோ அதனை ஊரறியச் செய்தார். 1922 இல் ஒரு வானொலி நிலையத்தையே அவர் விலைக்கு வாங்கினார். டபிள்யூ.ஓ.சி. என்ற அந்நிலையத்தில் 1932 இல் அறிவிப்பாளராகச் சேர்ந்த ஓர் இளைஞரே, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான றொனால்ட் றேகன்.

மருத்துவரின் எதிர்ப்புக்கிடையே இம்முறையினர் மாநிலம் மாநிலமாகச் சட்ட அங்கீகாரம் தேடினர். 1913 இல் கான்சாஸ் மாநிலம் முதற் சட்டத்தை இயற்றியது. 1974 இல் லூயிசியானா இறுதியாகச் சேர்ந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கமோ 1963 இல் போலி வைத்தியத்தை எதிர்க்கும் குழு ஒன்றை அமைத்து, இம்முறையினரோடு மருத்துவர் எவ்விதத் தொழில் உறவும் கொள்ளாதவாறு தடுக்க முனைந்தது. செஸ்ரர் வில்க் என்பவரும் வேறு நால்வரும் 1976 இல் வழக்குத் தொடுத்தனர். சங்கம் செய்த பகிஷ்காரம் சட்டவிரோதமானது என 1987 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990 இல் மேன்முறையீட்டிலும் அது நிலைபெற்றது. ஆயின் தொழில் நடத்தும் உரிமையைத்தான் நீதிமன்றம் காக்க இயலும். எலும்பு உண்மையிலே இடம் பெயர்ந்ததா என்பதை நீதிபதி கூற முடியாது.

அதனைக் கூறவல்லது எக்ஸ் கதிர். லிலாட்டின் முதுகைப் பால்மர் தொட்ட அதே 1895 ஆம் ஆண்டிலேதான் ஜேர்மனியில் றொன்ட்ஜன் அக்கதிரைக் கண்டுபிடித்தார். இடம் பெயர்ந்த எலும்பைக் கண்ணாரக் காட்டலாம் என்று கருதி, பால்மர் பாடசாலையினர் 1910 ஆம் ஆண்டளவிலேயே அதனை ஆவலோடு மேற்கொண்டனர். பல்லாண்டுகளின் பின் அக்கதிரே அவர்கள் கோட்பாட்டுக்கு எதிர்ச்சான்றாய் நின்றது. முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டிலே, நோயாளியர் பதின்மருக்கு எலும்பினுள் நுண்ணிய உலோக மணிகளைப் பதித்து, கைச்சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எக்ஸ் கதிர்ப் படமெடுத்து அளந்தனர் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர். 1998 இல் வெளிவந்த முடிவு தெளிவானது. கையினால் தொட்டுப் பார்க்கும் சோதனைகள் மூட்டுச் சீரடைந்ததாகக் காட்டின. எலும்புகளின் நிலையோ மாறவில்லை. சிகிச்சையின்போது எழும் நெட்டிமுறியும் ஓசையும் எலும்பு தன்னிடம் சேரும் ஓசையன்று. மூட்டு விரியும்போது அதன் நீரிலே வாயுக்குழி தோன்றுவதால் எழுவது.

அவ்வாறாயின் நோயாளி பெற்ற சுகம் பொய்யா? பொய்யன்று. 1990 இல் பிரித்தானியாவிலே 741 நோயாளரைக் கொண்டு நடந்த பரிசோதனையில், கைரோப்பிரக்டிக் சிகிச்சை பெற்றவர்கள் வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவிலே சிகிச்சை பெற்றவர்களினும் நன்மையடைந்தனர். 1998 இல் அமெரிக்காவில் நிகழ்ந்த மற்றொரு பரிசோதனையிலோ, ஒரு சிறு அறிவுரைப் புத்தகம் மட்டும் பெற்றவருக்கும் கைச்சிகிச்சை பெற்றவருக்குமிடையே வேறுபாடு சிறிதாகவே இருந்தது. புதிதாகத் தோன்றிய இடுப்புவலிக்கு இச்சிகிச்சை ஆறு வாரம் வரை மிதமான பயன் தருகின்றது என்பது, பல பரிசோதனைகளை ஒருங்கே சீர்தூக்கி 2017 இல் வெளிவந்த ஆய்வின் முடிவு. புதிதாக வந்த முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிவது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளல் வேண்டும்.

2020 ஆம் ஆண்டிலே உலகில் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் இடுப்புவலியால் வருந்தினர் என்பது உலக சுகாதார நிறுவனம் எடுத்துக் காட்டிய கணக்கு. நாட்பட்ட இடுப்புவலிக்கென அந்நிறுவனம் 2023 இல் நெறிமுறைகளை வெளியிட்டது. நோயாளிக்கு விளக்கம் அளித்தல், தேகப்பயிற்சி, உளவழிச் சிகிச்சை ஆகியவற்றோடு முதுகெலும்புக் கைச்சிகிச்சைக்கும் அதில் இடம் உண்டு. இடுப்புப் பட்டியும், கிரேக்க நூல் விரித்துரைத்த இழுவை முறையும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாமென விலக்கப்பட்டன. பால்மர் கண்ட அரியணை கைச்சிகிச்சைக்குக் கிடைக்கவில்லை; அவர் பகைவர் விதித்த நாடுகடத்தலும் நிலைக்கவில்லை. மற்றைய சிகிச்சைகளோடு ஒன்றாக அதற்கு ஓர் ஆசனம் கிடைத்தது.

இவ்வரலாறு வலியால் வருந்துவோர்க்கு நேரே பயன்படுவது. எலும்பு இடம் மாறிவிட்டது, ஆயுள் முழுதும் வாரந்தோறும் வந்து திருத்திக்கொள்ளல் வேண்டும் என்பவரின் சொல்லுக்கு அளவையின் ஆதரவு இல்லை. அச்சொல் தன் உடல் உடைந்த பொருளென நோயாளியை நம்பவைக்கவும் கூடும். உடைந்ததென நம்பியவன் அசைய அஞ்சுவான். அசையாத முதுகு மேலும் இறுகும். கால்கள் வலுவிழத்தல், தொடைகளுக்கிடையே மரத்தல், சிறுநீர் கட்டுக்கடங்காமை என்னும் குறிகள் தோன்றினால் கைச்சிகிச்சை தேடாது உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். கழுத்தைச் சடுதியாகத் திருப்பும் சிகிச்சையை அடுத்து, அரிதாக இரத்தக் குழாய் கிழிந்து பாரிசவாதம் நேர்ந்ததும் உண்டு.

கை தரும் சுகம் வலியைச் சில நாட்களுக்கேனும் தணிக்கின்றது. அந்நாட்களிலே நோயாளி எழுந்து, நடந்து, தன் தசைகளுக்கு வலுவூட்டிக்கொண்டால், நெடுங்காலம் நிற்கும் பயனுக்கு அது வழியாகும். பிறர் கை தொடங்கிவைக்கலாம். தொடர்ந்து நடத்தவேண்டியவை அவரவர் கால்களே.