வட்டி

இலங்கையில் கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்து கண்டியை நோக்கிச் செல்லும் யாத்திரிகர், புத்தர் பற்கோயிலாகிய தலதா மாளிகைக்கேனும், தென்னாட்டுச் சிற்பி கணேசுவராசாரி 1344-இல் அமைத்த கடலாதெனிய விகாரைக்கேனும் புஷ்பம் ஏந்திச் செல்லும் சிறு தட்டுக்கூடையைச் சிங்களர் 'மல் வட்டிய' என்பர். மல் என்பது மலர். வட்டிய என்பதோ, நம் பழைய 'வட்டி'யின் உறவென்றே கொள்ளத் தோன்றுகிறது.

கடன்மேல் ஏறும் வட்டி, வடமொழி விருத்தியின் திரிபென்பர். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கூடையாகிய வட்டி, வட்டம் என்னும் வடிவப் பெயரோடு இயைந்தது. சங்கப் பாடல்களில் மீனைக் கொண்டுவந்து நெல்லைப் பெற்றுச் சென்ற மகளிர் கையிலும், நற்றிணையில் வண்டு மொய்க்கப் பூ விற்றுத் திரியும் உழவர் மகள் கையிலும் இருந்தது இவ்வட்டியே. மலையாளத்தில் அச்சொல் இன்றும் கூடையைக் குறிக்க, தமிழிலோ கடன்காரன் சொல்லே மிஞ்சிற்று. இது சற்று வருத்தந்தான்!

மல் வட்டியோடு ஒப்பிட இன்னொரு பூக்கூடை உண்டு: ஜப்பானியர் மூங்கிலால் முடையும் அதற்கு 'ஹனகாகோ' என்று பெயர். அவர்தம் தேநீர்ச் சடங்கில் வெப்பகாலத்துக்கு உரியது அது. அதனுள் நீர் நிரப்பிய மூங்கிற்குழாயொன்றை மறைத்துவைத்து, காம்போடு கூடிய மலரைக் காட்டில் நின்றவாறே நிறுத்துவர். 1967-இல் ஷோனோ ஷோவுன்சாய் என்னும் முடைவினைஞரை அந்நாட்டரசு தேசியச் செல்வமாகவே போற்றியது. கண்டி வட்டியில் நீருமில்லை, காம்புமில்லை. காம்பு களைந்த தாமரையும் அல்லியும் புத்தர் சந்நிதியில் வாடுவதற்கென்றே வைக்கப்படுகின்றன. வாடும் மலரில் அநித்தியத்தைக் காண்பதே அப்பூசையின் கருத்து.