பணியாளர் மருத்துவ, குடும்பப் பராமரிப்பு நலன்கள்: கடலூர், சிதம்பரம் வட்டாரம்

ஊதியத்துக்கு அப்பால் பணியாளருக்கும் அவரை நம்பி வாழும் குடும்பத்துக்கும் மருத்துவச் செலவு, பேறுகால உதவி, குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றுக்காகச் சட்டமோ நிறுவனமோ அளிக்கும் ஏற்பாடுகள் பணியாளர் நலன்கள் எனப்படும். கடலூர் மாவட்டத்தில் இவற்றின் மூன்று வடிவங்கள் அருகருகே இயங்குகின்றன. நெய்வேலியில் நிறுவனமே நடத்தும் மருத்துவமனை, கடலூர் சிப்காட் போன்ற தொழிற்பகுதிகளில் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீடு, அரசு அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் அரசு ஊழியர் மருத்துவக் காப்பீடு என்பவை அவை.

தொடக்கம்

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையால் இவ்வட்டாரம் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆலைத் தொழிலாளரைக் கண்டது. அக்காலத்தில் ஆலையில் கை நசுங்கினாலும் காய்ச்சலில் படுத்தாலும் கூலி நின்றுவிடும். முதலாளி மனம் வைத்தால்தான் உதவி கிடைக்கும். உதவியை உரிமையாக மாற்றிய முதற்படி 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். பணியில் நேரும் விபத்துக்கு இழப்பீடு தருவதை அது முதலாளியின் கடமையாக்கியது. சென்னை மாகாணம் 1934இல் தனக்கெனப் பேறுகால நலச் சட்டம் ஒன்றை இயற்றியது. நாடு முழுவதற்கும் பொதுவான பேறுகாலப் பயன் சட்டம் 1961இல் வந்தது.

விபத்துக்கும் பேறுகாலத்துக்கும் வழி பிறந்தபின்னும் அன்றாட நோய்க்கு வழியில்லை. இதற்கான திட்டத்தைப் பேராசிரியர் பி.பி. அதார்க்கர் 1944இல் அரசிடம் அளித்த அறிக்கையில் வகுத்தார். அதன் வழியே 1948இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1955இல் கோயம்புத்தூரில் நடைமுறைக்கு வந்தது.

நெய்வேலி

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) 1956இல் பதிவு செய்யப்பட்டது; 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்ட சுரங்கங்கள் இ.எஸ்.ஐ. சட்டம் கூறும் ‘தொழிற்சாலை’ என்ற வரையறைக்குள் வரவில்லை. அதனால் சுரங்கத் தொழிலாளரின் மருத்துவப் பொறுப்பை நிறுவனமே ஏற்க வேண்டியிருந்தது. நகரியத்தில் வீடு, பள்ளி ஆகியவற்றோடு என்.எல்.சி. பொது மருத்துவமனையும் எழுந்தது. நிரந்தரத் தொழிலாளருக்கும் அவர் குடும்பத்துக்கும் அங்கே சிகிச்சை கிடைக்கிறது.

அதே சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஒப்பந்தத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் உழைக்கின்றனர். பணி நிரந்தரமும் சம ஊதியமும் கோரி அவர்கள் பல ஆண்டுகளாகப் போராடிவருகின்றனர். குடும்பத்துக்கான பெரும்பாலான வசதிகள் நிரந்தரப் பணியோடு பிணைந்திருப்பதால், இப்போராட்டத்தைக் கூலி உயர்வுக் கோரிக்கையாக மட்டும் பார்ப்பது குறைபாடானது.

கடலூர் சிப்காட்டும் இ.எஸ்.ஐ.யும்

கடலூர் முதுநகருக்குத் தெற்கே, சிதம்பரம் சாலையை ஒட்டி 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, வேதிப்பொருள் ஆலைகள் அங்கே வந்தன. வேதிப்பொருளோடு பழகும் தொழிலாளருக்கு மருத்துவப் பாதுகாப்பு இன்றியமையாதது.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைகளில், மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவர். இந்த உச்சவரம்பு 2017 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. மாற்றுத்திறனாளிக்கு 25,000 ரூபாய். தொழிலாளர் 1.75, முதலாளி 4.75 விழுக்காடு என்றிருந்த சந்தா, 2019 ஜூலை 1 முதல் 0.75, 3.25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மாதம் 18,000 ரூபாய் வாங்குபவரின் சம்பளத்தில் 135 ரூபாய் பிடிக்கப்படும். முதலாளி 585 ரூபாய் செலுத்துவார்.

இந்தச் சிறு தொகைக்கு ஈடாகக் கிடைப்பவை பெரியவை. தொழிலாளருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கும். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தியவர் நோயுற்றால், அடுத்துவரும் பயன்காலத்தில், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெறலாம். மேற்சொன்ன தொழிலாளருக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 420 ரூபாய். காசநோய், புற்றுநோய் போன்ற நெடுநாள் நோய்களுக்கு 80 விழுக்காடு கிடைக்கும். மகப்பேற்றுக்கு 26 வாரம் முழு ஊதியம் உண்டு. பணிவிபத்தில் இறந்தவரின் மனைவி, பிள்ளைகள் முதலிய சார்ந்தோருக்கு ஊதியத்தின் 90 விழுக்காடு மாதந்தோறும் பகிர்ந்தளிக்கப்படும். 2010 திருத்தத்துக்குப் பிறகு, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தும் பணிவிபத்தாகக் கருதப்படுகிறது. தொழிலாளரைச் சார்ந்து வாழும் பெற்றோரும் மருத்துவ வசதி பெறும் குடும்பத்தாருள் அடங்குவர்.

ஊதியம் உச்சவரம்பைத் தாண்டினால், அந்தச் சந்தாக் காலம் முடிந்தபின் தொழிலாளர் திட்டத்திலிருந்து வெளியேறுகிறார். ஊதிய உயர்வு பெறும் தொழிலாளர் பலர் இந்த இழப்பை முன்கூட்டியே அறிவதில்லை.

பண்ருட்டி வட்டாரத்தில் வீட்டிலிருந்தும் சிறு கொட்டகையிலும் முந்திரி உடைக்கும் பெண்களுக்கு இந்தக் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை. அவர்களுக்கு 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழி அமைந்த நலவாரியங்களும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமுமே துணை. இக்காப்பீடு மருத்துவமனைச் செலவைத் தாங்கும். வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியைத் தராது.

சிதம்பரம்: பல்கலைக்கழகமும் அரசு ஊழியரும்

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம் 1929இல் தோன்றியது. அதன் வளாகத்தில் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி அமைந்தது. நிதி நெருக்கடியைத் தொடர்ந்து 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் பல்கலைக்கழகம் அரசின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. மிகுதியாக இருந்த பணியாளர் பலர் பிற அரசுத் துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டனர். மருத்துவக் கல்லூரி 2021இல் சுகாதாரத் துறையின்கீழ் வந்து, அரசு கடலூர் மாவட்ட மருத்துவக் கல்லூரியாக இயங்குகிறது.

தமிழ்நாடு அரசு ஊழியருக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2008இல் தொடங்கியது. நான்கு ஆண்டுகளுக்கு 2 லட்சம் ரூபாய் என்றிருந்த காப்பு 2012இல் 4 லட்சமாகவும், 2021 ஜூலை முதல் 5 லட்சமாகவும் உயர்ந்தது. குறிப்பிட்ட கடும் சிகிச்சைகளுக்கு 10 லட்சம் வரை பெறலாம். தொடக்கத்தில் மாதம் 25 ரூபாயாக இருந்த சந்தா 2021இல் 300 ரூபாயானது. மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள், உள்ளாட்சி அமைப்புகள், வாரியங்கள் ஆகியவற்றின் பணியாளரையும் இத்திட்டம் உள்ளடக்குகிறது.

இதில் குடும்பம் என்பது துணைவரும் பிள்ளைகளுமே. மணமாகாத பணியாளரின் பெற்றோருக்குக் காப்பு உண்டு. மணமானவரின் பெற்றோருக்கு இல்லை. முதுமையில் பெற்றோரைத் தாங்கும் நம் குடும்ப வாழ்க்கையோடு இவ்விதி பொருந்தவில்லை.

வரிச் சலுகை வழி

மேல்நிலை ஊதியம் பெறுவோருக்கு வேறொரு வழி இருந்தது. மருத்துவ ரசீதுகளை அலுவலகத்தில் கொடுத்து ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை வரியில்லாமல் திரும்பப் பெற முடிந்தது. 2018ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இச்சலுகையையும் 19,200 ரூபாய் போக்குவரத்துப் படிச் சலுகையையும் நீக்கி, இரண்டுக்கும் ஈடாக 40,000 ரூபாய் நிலையான கழிவு தந்தது. இதனால் ரசீது சேர்க்கும் சிரமம் போயிற்று. கூடுதலாக 5,800 ரூபாய்க்கும் வரிவிலக்குக் கிடைத்தது. ஆனால் மருத்துவத்துக்கென்று தனியே ஒதுக்கப்பட்ட பணம் என்ற ஏற்பாடு மறைந்தது.

அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டம் வேறு பாதையைத் திறந்தது. ஆண்டு தொடங்குமுன் பணியாளர் ஒரு தொகையைத் தாமே முடிவு செய்கிறார். அது வரிக்கு முன்பே சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டு, மருத்துவத்துக்கு ஒன்றும் குழந்தை, முதியோர் பராமரிப்புக்கு ஒன்றுமாகத் தனிக் கணக்குகளில் சேர்கிறது. 2025இல் மருத்துவக் கணக்கின் வரம்பு 3,300 டாலர், பராமரிப்புக் கணக்கின் வரம்பு 5,000 டாலர். மருத்துவக் கணக்கில் ஆண்டு முழுமைக்கான தொகையையும் முதல் நாளிலிருந்தே பயன்படுத்தலாம். பராமரிப்புக் கணக்கில் அதுவரை சேர்ந்ததை மட்டுமே எடுக்கலாம். செலவிடாத பணம் பொதுவாகப் பறிபோகும். மருத்துவக் கணக்கில் ஒரு சிறு பகுதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல 2013 முதல் நிறுவனங்கள் அனுமதிக்கலாம்.

வரி கட்டும் அளவுக்கு ஊதியம் உள்ளவருக்கே அம்முறை பயன் தரும். சிப்காட் ஆலைத் தொழிலாளருக்கு வரிச் சலுகையால் பயனில்லை. அவருக்கு வேண்டியது இ.எஸ்.ஐ. போன்ற கூட்டுக் காப்பே.

குழந்தையும் முதியோரும்

மருத்துவத்தோடு ஒப்பிட்டால் பராமரிப்பு நலன் பின்தங்கியுள்ளது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பின்வந்த திருத்தத்தின்படி, 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. சுரங்கங்களுக்கு 1966இல் தனிக் காப்பக விதிகள் வந்தன. 2017இல் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தபோது, 50 பணியாளர் உள்ள நிறுவனம் காப்பகம் அமைக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. இவ்விதி ஆண், பெண் இருபாலரையும் கணக்கில் கொள்கிறது. குழந்தை பெண்ணின் பொறுப்பு மட்டுமன்று என்பதைச் சட்டம் இதன்மூலம் ஏற்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் 50 என்ற வரம்பே உள்ளது.

மாநில அரசுப் பெண் ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு உண்டு. தனியார் ஆலைத் தொழிலாளி 26 வாரம் முடிந்ததும் பணிக்குத் திரும்ப வேண்டும். அங்கன்வாடி மாலை நேர ஷிப்ட் முடியும்வரை திறந்திருப்பதில்லை. எனவே பாட்டியோ மூத்த மகளோ பிள்ளையைப் பார்த்துக்கொள்கின்றனர். யாரும் இல்லாதபோது தாய் வேலையை விடுகிறாள். முதியோரைப் பகலில் கவனிக்கும் பொறுப்பை இந்நாட்டின் தொழிலாளர் சட்டம் எதுவும் முதலாளிக்கு விதிக்கவில்லை.

மதிப்பீடு

நோய்க்கும் விபத்துக்கும் மகப்பேற்றுக்கும் நூறு ஆண்டுகளில் இவ்வட்டாரத் தொழிலாளர் பெற்ற பாதுகாப்பு உண்மையான சாதனை. ஆயினும் அருகருகே வேலை செய்வோருக்கு, நிரந்தரமா ஒப்பந்தமா, அரசா தனியாரா என்பதைப் பொறுத்து வெவ்வேறு அளவில் அது கிடைப்பது நீதியன்று. சிறு ஆலைகள் தனித்தனியே காப்பகம் நடத்த இயலாது. சிப்காட் வளாகத்துக்கும் முந்திரிக் கொட்டகைகள் நிறைந்த ஊர்களுக்கும் ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ற பொதுக் காப்பகங்களை அரசும் நிறுவனங்களும் சேர்ந்து அமைப்பதே அடுத்த படியாக இருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. வரம்புக்குள் உள்ள தொழிலாளர் ஒவ்வொருவரும் தம் காப்பீட்டு எண்ணை அறிந்து, பிடித்தம் செய்த சந்தா கணக்கில் ஏறியதா என்று பார்த்து, மனைவி, பிள்ளைகள், பெற்றோர் பெயர்களைப் பதிவு செய்துவைப்பது அவசியம்.