தீவிரம் 00

சானமாவில் குடியிருந்த வருஷங்களில் நான் அதிகம் படித்தது கம்பைலர் லிஸ்டிங்குகளைத்தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. வரிக்கு 132 எழுத்தாகத் தொடர் தாளில் அச்சாகி வரும். பகலில் முடியாததை மடித்து வீட்டுக்கு எடுத்து வந்து பென்சிலோடு உட்காருவேன். வாசிப்பு பற்றி எத்தனையோ பேசுகிறோம். இந்த வாசிப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

மனிதன் எழுதிய புரோகிராமை மெஷினின் பாஷைக்கு மாற்றும் இன்னொரு புரோகிராம்தான் கம்பைலர். மாற்றும்போது தான் படித்ததையும் இடறிய இடங்களையும் அது தாளில் பதிந்துவிடுகிறது. 1950களிலும் 60களிலும் துளையட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, முறை வரும்வரை, சில சமயம் மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். முதல் தப்பிலேயே நின்றுவிடும் கம்பைலரால் அங்கே பிரயோஜனமில்லை. கடைசி வரி வரை படித்து எல்லாத் தப்பையும் ஒரே தடவையில் சொல்லியாக வேண்டும். சொல்லும்போது சின்னது பெரியது என்று தரம் பிரிக்கவும் வேண்டும். ஐபிஎம் 360 மெஷின்களில் இந்தத் தரம் 4, 8, 12, 16 என்று ஏறியது. நான் படித்தவற்றில் 00, 10, 20, 30, 40. இதற்குத் தீவிரம் என்று பெயர்.

நான் படித்தது ஆர்பிஜி என்ற பாஷையில் எழுதிய புரோகிராம்கள். 1959இல் ஐபிஎம் 1401க்காக வந்த பாஷை அது. துளையட்டை மெஷின்களின் வேலைச் சுற்றை அப்படியே உள்ளே வைத்துக்கொண்டது. எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் விழ வேண்டும் என்பதில் வெகுகாலம் கறாராக இருந்தது. சம்பளக் கணக்கும் சரக்கு இருப்பும் போடுவதற்கான நடுத்தர மெஷின்கள் இதைச் சுற்றியே வளர்ந்தன.

1978இல் இரண்டு காரியங்கள் நடந்தன. 1973ஆம் வருஷத்து அந்நியச் செலாவணிச் சட்டப்படி அந்நியப் பங்கைக் குறைக்கச் சொன்னதற்கு இணங்காமல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனது. அது விட்டுச்சென்ற மெஷின்களின் பராமரிப்பு சிஎம்சிக்கு வந்தது. அதே வருஷம் அக்டோபரில் அதே கம்பெனி சிஸ்டம்/38ஐ அறிவித்தது. அதன் வாரிசான ஏஎஸ்/400 ஜூன் 1988இல் வந்தது. ஐபிஎம் டாட்டாவோடு சேர்ந்து இங்கே திரும்பியது 1992இல். இடையிலுள்ள வருஷங்களில்தான் ஓசூர் தொழில் நகரமாயிற்று: 1980இல் அசோக் லேலண்ட், 1987இல் டைட்டன் கடிகாரம். ஆக, அந்த மெஷினின் பால்யத்தை நாங்கள் பார்க்கவில்லை. வளர்ந்து முடிந்த பிறகுதான் அறிமுகம்.

பால்யம் அதன் செய்திகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏஎஸ்/400 காட்டும் செய்திகளில் பல சிபிஎஃப் என்ற மூன்றெழுத்தில் தொடங்கும். சிபிஎஃப் என்பது சிஸ்டம்/38இன் இயக்க அமைப்புக்குப் பெயர். அமைப்பு போய்விட்டது, பெயர் செய்திகளில் தங்கிவிட்டது. ஏரி தூர்ந்த பிறகும் தெருவுக்கு ஏரிக்கரை என்று பெயர் இருப்பதைப் போல.

செய்திகளின் வாசகம் புரோகிராமுக்குள் இல்லாமல் தனிக் கோப்பில் இருந்தது. அதனால் மொழிபெயர்க்க முடிந்தது. ஜப்பான், கொரியா, தாய்லாந்து பாஷைகளிலும், அரபியிலும் ஹீப்ருவிலும் அந்த மெஷின் பேசியது. தமிழில் பேசவில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் புழங்கும் ஊரில் ராத்திரி ஷிப்ட் ஆபரேட்டர்கள் ஆங்கில வாக்கியத்தை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். "0907 வந்திருக்கு சார்" என்றால் எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். காரணமும் பரிகாரமும் உதவிப் பொத்தானை அழுத்தினால் திரையில் விரியும். அழுத்தியவர்கள் குறைவு.

லிஸ்டிங்கில் அடிக்கடி வரும் இரண்டு செய்திகள் அடுத்தடுத்த எண்கள். 7030: இந்தப் பெயர் வரையறுக்கப்படவில்லை. தீவிரம் 30. சாதாரணமாகத் தீவிரம் 10ஐத் தாண்டினால் புரோகிராம் உருவாகாது. எனவே இதைச் சரிசெய்தே ஆக வேண்டும். 7031: இந்தப் பெயர் எங்கும் குறிப்பிடப்படவில்லை. தீவிரம் 00. அதாவது, சும்மா தகவல். கோப்பிலிருந்து வந்து சேர்ந்து, இந்தப் புரோகிராம் தொடாத ஒவ்வொரு பெயருக்கும் இது அச்சாகும். பக்கம் பக்கமாக வரும். யாரும் படிப்பதில்லை. எல்லாரும் முதலில் கடைசித் தாளைப் புரட்டித் தீவிரவாரியான எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். 30இல் பூஜ்யம் என்றால் கட்டு அலமாரிக்குப் போய்விடும்.

எனக்குப் பிடித்தது குறுக்குக் குறிப்புப் பகுதி. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வரி எண்கள். டி என்று முடியும் எண் அந்தப் பெயர் வரையறுக்கப்பட்ட இடம். எம் என்று முடிவது மாற்றப்பட்ட இடம். வெறும் எண், வெறுமனே எடுத்தாளப்பட்ட இடம். இரண்டாயிரமாவது ஆண்டுப் பிரச்னையின்போது தேதிகளைத் துரத்திக்கொண்டு ஓடியவர்களுக்கு இந்தப் பகுதிதான் வழிகாட்டி.

2006 கடைசியில், ஊழியர்களின் மூலக் கோப்பை ஒழுங்கு செய்யும் வேலை என்னிடம் வந்தது. அதில் ஊர்க் குறியீடு என்று ஓர் இடம். இருபத்தாறு லிஸ்டிங்குகளைப் படித்தேன். இருபத்தாறிலும் அதற்கு எதிரே 7031, தீவிரம் 00. தேவையில்லை என்று எடுத்துவிட்டேன். இருபத்தாறு புரோகிராம்களையும் மறுபடி கம்பைல் செய்தேன். ஒரு தப்பில்லை.

இருபத்தேழாவது ஒன்று வேறு லைப்ரரியில் இருந்தது. வருஷத்தில் சில வாரங்கள்தான் ஓடும். ராகி முற்றும் பருவத்தில் சானமாவுக் காட்டில் யானைகள் வந்து தங்கும். அந்த நாட்களில் ஷிப்ட் முடிந்து ராத்திரி வீடு திரும்பும் காட்டோர ஊர்க்காரர்களுக்குக் கம்பெனி வேன் உண்டு. யார் யார் என்ற பட்டியலை அந்தப் புரோகிராம்தான், ஊர்க் குறியீட்டை வைத்து, எடுக்கும். கம்பைல் ஆனபோது கோப்பு எந்த உருவத்தில் இருந்தது என்பதைப் புரோகிராம் நினைவில் வைத்திருக்கும். உருவம் மாறியிருந்தால் திறக்க மறுக்கும். அன்று ராத்திரி சிபிஎஃப் 4131 என்ற செய்தி பதிலுக்காகத் திரையில் காத்திருந்தது. ஆபரேட்டர் ரத்து செய்துவிட்டார். பட்டியல் இல்லாததால் வேன் கிளம்பவில்லை. நாலு பேர் விடியும்வரை டைம் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் எங்கள் தெருக்காரர். காலையில் என்னிடம் கேட்டார்: "நம்ம ஊர் கம்ப்யூட்டர்ல இல்லைன்னாங்க சார். நேத்துவரை இருந்துச்சா?"

அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். சானமாவு என்ற பெயரில் உள்ள மாவு, கன்னடக்காரர் காதில் மாமரம். நமக்கு அரைத்த மாவு. இரண்டு பாஷையும் அந்தப் பெயரை விட்டுவிடவில்லை. மூன்றெழுத்துக் குறியீடாகக் கோப்பில் கிடந்ததை நான்தான் எடுத்துவிட்டேன்.

லிஸ்டிங் பொய் சொல்லவில்லை. இந்தப் புரோகிராமில் குறிப்பிடப்படவில்லை என்றுதான் அது சொன்னது. எங்குமே இல்லை என்று வாசித்தது நான். ஒரு கோப்பை எந்தெந்தப் புரோகிராம்கள் தொடுகின்றன என்று மெஷினிடம் கேட்கத் தனிக் கட்டளையே உண்டு; கேட்கவில்லை. நம் இலக்கியச் சரித்திரங்களிலும் ஒருவர் பெயர் இப்படித்தான் காணாமல் போகிறது என்று நினைக்கிறேன். யாரும் அவரை மறுப்பதில்லை. மறுத்தால் சண்டை வரும், தீவிரம் 30 ஆகிவிடும். கையிலிருக்கும் இருபத்தாறு புத்தகங்களில் அவர் பெயர் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஊர்க் குறியீட்டைத் திரும்பச் சேர்த்து, இருபத்தேழையும் கம்பைல் செய்தேன். இருபத்தாறில் பழையபடியே 7031, தீவிரம் 00 என்று வந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு லிஸ்டிங்கிலும் அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, இருபத்தேழாவது புரோகிராமின் பெயரைப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.