காலையில் மட்டும் தட்டும் எஞ்சின் - ஹைட்ராலிக் லிஃப்டர் வந்த கதை

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. அப்பாவின் பெட்ரோல் கார் (செகண்ட் ஹேண்டில் வாங்கியது) காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்தால் 'டக் டக் டக்' என்று தையல் மிஷின் மாதிரி சத்தம். பத்துப் பதினைந்து விநாடியில் அடங்கிவிடும். மதியம் கடைக்குப் போய்த் திரும்பும்போது ஸ்டார்ட் செய்தால் சத்தமே இருக்காது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். "லிஃப்டர் செட் மொத்தமா போச்சு, ஹெட்டைக் கழட்டணும்" என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். அது அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம்.

நான் படிப்பது பி.காம். எஞ்சினுக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் இவ்வளவு பெரிய தொகையைப் பார்த்ததும் அந்த லிஃப்டர் என்றால் என்ன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் பாதி சரித்திரமாக இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். எஞ்சின் சூடானால் உள்ளே இருக்கும் வால்வு கொஞ்சம் நீளும். நீள்வதற்கு இடம் விடாமல் இறுக்கி வைத்தால் வால்வு முழுசாக மூடாது, கொஞ்ச நாளில் கருகிப் போகும். அதனால் வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி விடுவார்கள். அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினில் அது 0.015 இன்ச், கிட்டத்தட்ட 0.38 மில்லிமீட்டர். இடைவெளி இருந்தால் இரும்பும் இரும்பும் மோதும், சத்தம் வரும். இதைத்தான் நம் ஊரில் 'டேப்பட் சத்தம்' என்கிறோம். ஓட ஓடத் தேய்மானத்தில் இந்த இடைவெளி மாறும். அப்போது ஃபீலர் கேஜ் வைத்து மறுபடி சரி செய்ய வேண்டும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருந்தவர்கள் 3,000 மைலுக்கு ஒரு தடவை இந்த வேலையைப் பார்த்தார்கள். ஃபோர்டு மாடல் டி (1908-1927) இன்னும் மோசம், அதில் திருகிச் சரி செய்ய ஸ்க்ரூவே இல்லை. இடைவெளி குறைந்துவிட்டால் வால்வின் தண்டையே அரத்தால் தேய்க்க வேண்டும்!

இந்தச் சத்தத்தை ஒழிக்க வேண்டும் என்று பெரிய அளவில் பணம் செலவழித்தது காடிலாக். 1930 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் 16 சிலிண்டர் கார் ஒன்றைக் காட்டினார்கள். எஞ்சின் 452 கன இன்ச், நம் கணக்கில் 7.4 லிட்டர். வால்வுகள் மேலே இருக்கும் அமைப்பு. அப்படி வைத்தால் சக்தி அதிகம். ஆனால் கேமிலிருந்து வால்வு வரை புஷ் ராடு, ராக்கர் என்று பாகங்களும் அதிகம், ஆகவே சத்தமும் அதிகம். அந்த விலை கொடுத்து வாங்குகிறவர் தையல் மிஷின் சத்தத்தைச் சகித்துக்கொள்வாரா? அதனால் ராக்கருக்குள் எண்ணெய் அழுத்தத்தில் நகரும் ஒரு சின்ன பிஸ்டனை வைத்து, இடைவெளி தானாகவே பூஜ்யமாகும்படி செய்தார்கள். நியூயார்க் பங்குச்சந்தை சரிந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது என்பதை காமர்ஸ் மாணவனாக நான் சொல்லாமல் போக முடியாது :) முதல் ஆறு மாதத்தில் சுமார் 2,000 கார் போனது. அதற்குப் பிறகு 1940 வரை, பத்து வருடத்தில், போனது அதே அளவுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

கார் விற்கவில்லை, ஆனால் யோசனை விற்றது. 1938-ல் லிங்கன் ஸெஃபிர் காரில் ஹைட்ராலிக் லிஃப்டர் வந்தது. 1949-ல் ஓல்ட்ஸ்மொபீல், காடிலாக் இரண்டின் புது வி8 எஞ்சின்களிலும் வந்தது. அப்புறம் அமெரிக்காவில் அது சாதாரண விஷயமாகிவிட்டது. 1978 மாடல் ஃபோக்ஸ்வாகன் வேனில்கூட வந்துவிட்டது. 1980-களில் வடிவமைத்த கார்களில் பலவற்றில் இதுதான்.

இப்போது காலைச் சத்தத்துக்கு வருவோம். லிஃப்டர் என்பது ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் ஒரு பிளஞ்சர், அடியில் ஒரு குண்டு வால்வு. எஞ்சின் எண்ணெய் குண்டைத் தாண்டி உள்ளே போகும், திரும்பி வராது. எண்ணெயை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால் அது இரும்புத் தூண் மாதிரி நின்று வால்வைத் தள்ளும். ஆனால் பிளஞ்சருக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் வேண்டுமென்றே மிக மெல்லிய கசிவு விட்டிருப்பார்கள். இல்லையென்றால் சூட்டில் நீளும் வால்வுக்கு இடம் கிடைக்காது.

ராத்திரி எஞ்சினை நிறுத்தும்போது சில வால்வுகள் திறந்த நிலையிலேயே நின்றுவிடும். அவற்றின் ஸ்பிரிங் விடிய விடிய லிஃப்டரை அமுக்கிக்கொண்டே இருக்கும், எண்ணெய் கசிந்து போகும். காலையில் அந்த லிஃப்டர் மட்டும் காலி. எண்ணெய் வந்து நிரம்பும்வரை தட்டும். எஞ்சின் எந்த இடத்தில் நின்றதோ அதைப் பொறுத்து, ஒரு நாள் ஒரு சிலிண்டர் தட்டும், மறுநாள் வேறொன்று. சில நாள் தட்டாமலே போகும். நல்ல எஞ்சினிலும் இது ஓரிரு விநாடி வரலாம்.

(சென்னையில் ஏது குளிர் என்று கேட்கலாம். கோல்டு ஸ்டார்ட் என்பதற்கு ஊர்க் குளிர் தேவையில்லை, எஞ்சின் இரவு முழுக்க நின்று ஆறியிருந்தால் போதும்.)

அதாவது லிஃப்டர் மாறியபோது சத்தத்தின் அர்த்தமும் மாறிவிட்டது. அந்தக் காலத்தில் தட்டினால் 'இடைவெளியைப் பார்' என்று அர்த்தம். இப்போது தட்டினால் முதலில் 'எண்ணெயைப் பார்' என்று அர்த்தம். எண்ணெய் அளவு குறைந்திருக்கலாம், தரம் தவறாக இருக்கலாம், கசடு அடைத்திருக்கலாம், அழுத்தம் போதாமல் இருக்கலாம். சூடான பிறகும் நிற்காமல் தட்டினால்தான் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதிலும் எண்ணெய்க்கு ஒரு பங்கு உண்டு. காட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்கிறது என்பதால், 2004-ல் வந்த ஜிஎஃப்-4 எண்ணெய்த் தரத்தில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கினார்கள். கேமோடு நேராக உரசும் பழைய தட்டை லிஃப்டர்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது அந்தப் பாஸ்பரஸும் துத்தநாகமும் சேர்ந்த கலவைதான். பழைய அமெரிக்கக் கார் வைத்திருப்பவர்கள் இன்றும் இதைச் சொல்லிப் புலம்புகிறார்கள்.

தட்டுவதெல்லாம் லிஃப்டரும் இல்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சின்னக் கசிவு இருந்தால் அதுவும் காலையில் டிக் டிக் என்னும், இரும்பு சூடாகி விரிந்ததும் நின்றுவிடும். ஏமாற்றுவதில் முதல் பரிசு இதற்குத்தான். இன்னொரு அடையாளம், கேம் ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். எஞ்சின் 800 சுற்று ஓடினால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 தடவைதான் தட்டும். அதைவிட வேகமாக, கனமாக இடித்தால் கீழே பேரிங் பக்கம் பார்க்க வேண்டும்.

எங்கள் காருக்கு என்ன ஆச்சு? தெருமுனையில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அவரிடம் போனோம். "தம்பி, இப்ப கேட்டா ஒண்ணும் தெரியாது. ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போ, காலைல நானே ஸ்டார்ட் பண்றேன்" என்றார். மறுநாள் நான் போனபோது ஸ்டார்ட் செய்து, ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை வால்வு மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். அழுத்தமானி மாட்டியும் பார்த்தார். எண்ணெய் ஏற நேரம் எடுத்தது, ஏறிய பிறகு அழுத்தம் சரியாகவே இருந்தது.

"பில்டர் யார் போட்டது?" என்றார். போன சர்வீஸில் விலை குறைவு என்று நாங்களே வாங்கிக் கொடுத்தது. நல்ல ஆயில் பில்டருக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், நிறுத்திய பிறகு எண்ணெய் கீழே வடிந்து போகாமல் அது தடுக்கும். எங்கள் பில்டரில் அது விறைத்துப் போய் மடங்கியிருந்தது. ராத்திரி முழுக்க எண்ணெய் வடிந்து, காலையில் பம்ப் முதலில் பில்டரை நிரப்பி அப்புறம்தான் லிஃப்டருக்கு அனுப்பியிருக்கிறது. புது பில்டரும், மேனுவலில் போட்டிருக்கும் கிரேடு எண்ணெயும் மாற்றினார். ஹெட்டைத் தொடவே இல்லை.

இத்தனைக்குப் பிறகு ஒரு வேடிக்கை. சில தயாரிப்பாளர்கள் சில எஞ்சின்களில் ஹைட்ராலிக்கை விட்டு மறுபடி சாதாரண இடைவெளி முறைக்கே போயிருக்கிறார்கள். பாகம் குறைவு, எடை குறைவு, தேய்மானமும் முன்பு மாதிரி இல்லை. ஃபீலர் கேஜ் இன்னும் பெட்டியில் இருக்கிறது என்று அண்ணன் சிரித்தார்.

சில காலைகளில் இப்போதும் ஒரு விநாடி தட்டும். அப்பா என்னைத் திரும்பிப் பார்ப்பார், நான் "நார்மல்பா" என்பேன். அந்த எஸ்டிமேட் தாளின் பின்பக்கத்தில் அம்மா பால் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.