லோகோவில் நின்ற கைபேசி: நிலைப்பொருள் மாற்றத் தோல்வி குறித்த ஓர் ஆய்வு

1. சொல்லும் எல்லையும்

துறையூர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கைபேசிக் கடைகளில் இயங்காத கருவி எதுவாயினும் அதற்கு ஒரே பெயர்தான்: 'டெட்'. திரை கறுத்துக் கிடப்பதும் டெட். நிறுவனத்தின் சின்னத்தைக் காட்டிவிட்டு அதற்குமேல் நகராததும் டெட். சின்னம் வந்து, அணைந்து, மறுபடி வருவதும் டெட். இவை மூன்றும் வெவ்வேறு பழுதுகள். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். இன்னொன்றுக்குக் கருவியின் பின்மூடியைக் கழற்ற வேண்டிவரும். இந்தப் பெயர் மயக்கத்தைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் முதல் வேலை.

நிலைப்பொருள் என்பது கருவியின் நினைவகத்தில் நிலையாகப் பதிந்திருந்து அதன் வன்பொருளை இயக்கும் மென்பொருள். கடையில் இதற்குச் 'சாஃப்ட்வேர்' என்று பெயர். ஆர்வலர் 'ரோம்' என்பர். தயாரித்த நிறுவனமே தருவதை மூல நிலைப்பொருள் என்றும், பிறர் ஆக்கித் தருவதை மாற்று நிலைப்பொருள் என்றும் கொள்வோம். 2016 டிசம்பரில் சயனோஜென்மோட் திட்டம் நின்றுபோனபின் அதன் வழியில் எழுந்த லினியேஜ் ஓஎஸ் பின்னதற்குத் தக்க சான்று. நிறுவனம் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட, ஆனால் வன்பொருள் கெடாத கருவிக்கு மறுவாழ்வு தேடுவோரே பெரும்பாலும் இதில் இறங்குகின்றனர்.

எடுத்துக்காட்டாக நாம் கொள்ளும் கருவி 2018 பிப்ரவரியில் இந்தியாவில் வெளியான ரெட்மி நோட் 5 புரோ. தோல்வியின் எல்லா வகைகளையும் இந்த ஒரு கருவியிலேயே காணலாம் என்பது காரணம். உள்ளூரில் தீராத பழுதுக்கு நாட வேண்டிய திருச்சிச் சிங்காரத்தோப்புக் கடைகள் துறையூரிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பேருந்து ஏறுவதற்கு முன் வீட்டிலிருந்தே அறியத்தக்கவை எவை என்பதே நம் கேள்வி.

2. எழுச்சிப் படிகள்

ஆற்றல் பொத்தானை அழுத்தியது முதல் முகப்புத் திரை தோன்றும்வரை நிகழ்வதை எழுச்சி என்போம். அது படிப்படியாக நிகழ்வது. ஒவ்வொரு படியும் அடுத்ததைச் சரிபார்த்து எழுப்பிவிட்டு ஒதுங்கும்.

முதற்படி சில்லுக்குள்ளேயே வார்க்கப்பட்ட நிரல். இதை எவராலும் அழிக்க இயலாது. இரண்டாம் படி, நினைவகத்தில் உள்ள தொடக்க ஏற்றி, அதாவது பூட்லோடர். ஃபாஸ்ட்பூட் என்னும் கட்டளை நிலை இங்கேதான் வாழ்கிறது. மூன்றாம் படியில் பாதை இரண்டாகப் பிரியும்: ஒன்று கர்னல் வழியே முழு இயங்குதளத்துக்குப் போகும், மற்றொன்று மீட்புத்தளத்துக்கு, அதாவது ரிக்கவரிக்குப் போகும். நான்காம் படியில் இயங்குதளம் பயனரின் தரவுப் பகுதியைத் திறந்து முகப்பைக் காட்டும்.

மாற்று நிலைப்பொருளை நிறுவும்போது வழக்கமாக நாம் தொடுவன மூன்றாம் நான்காம் படிகள் மட்டுமே. ஆதலின் பெரும்பாலான தோல்விகளில் முதலிரண்டு படிகளும் சேதமின்றி இருக்கும்.

3. வகைகள்

எழுச்சி எந்தப் படியில் நிற்கிறதோ அதுவே தோல்வியின் வகை. கருவி காட்டும் குறி கொண்டு இதைத் துணியலாம்.

ஒலிக்குறைப்புப் பொத்தானையும் ஆற்றல் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால், தொப்பி அணிந்த முயல் ஆண்ட்ராய்டு பொம்மையைப் பழுது பார்க்கும் படம் வருகிறதா? வந்தால் தொடக்க ஏற்றி நலம். அந்தக் கருவியை டெட் என்பது பிழை. ஒலிக்கூட்டுப் பொத்தானுடன் ஆற்றல் பொத்தானை அழுத்தினால் மீட்புத்தளம் வருமாயின் இன்னும் நல்லது. இவ்விரண்டும் கிடைத்து, இயல்பான எழுச்சி மட்டும் கிடைக்காத நிலையை மென்தோல்வி என்று பெயரிடுகிறோம்.

திரை முற்றிலும் கறுத்து, பொத்தான்களுக்கு மறுமொழியின்றி, கணினியில் இணைத்தால் மட்டும் 9008 என்ற எண்ணுடன் ஒரு குவால்காம் கருவியாகத் தோன்றுமாயின், இரண்டாம் படி சிதைந்து முதற்படி மட்டும் எஞ்சியுள்ளது. இது வன்தோல்வி. கணினியிலும் தோன்றாவிடில் மின்கலத்தையும் கேபிளையும் முதலில் ஐயுறுக. அரைமணி நேரம் மின்னேற்றிய பிறகே முடிவு சொல்லலாம்.

தோல்வியே அல்லாத ஒரு நிலையும் உண்டு. புதிதாக நிறுவிய பின் முதல் எழுச்சிக்குப் பத்து நிமிடம்கூடப் பிடிக்கலாம். பொறுமையிழந்து இடையில் அணைத்துப் பழுதை வரவழைத்துக்கொள்வோரும் உளர்.

4. மென்தோல்வியின் காரணங்கள்

முதற்காரணம் பெயர் மயக்கம். இந்தியாவில் ரெட்மி நோட் 5 என்று விற்றது ஸ்னாப்டிராகன் 625 கொண்ட கருவி. அதன் உட்பெயர் வின்ஸ். சீனத்தில் அதே கருவி ரெட்மி 5 பிளஸ். இங்கே நோட் 5 புரோ எனப்பட்டது ஸ்னாப்டிராகன் 636 கொண்டது, உட்பெயர் வைரெட். அதுவோ சீனத்தில் ரெட்மி நோட் 5 என்ற பெயரில் விற்றது. ஆகவே அட்டைப்பெட்டியின் பெயரை வைத்துக் கோப்பைத் தேடினால் வேறொரு கருவியின் கோப்பு கைக்கு வரும். உட்பெயரே உண்மைப் பெயர்.

இந்த மயக்கத்தைத் தடுக்கவே நிறுவல் கோப்பின் தொடக்கத்தில் உட்பெயரைச் சரிபார்க்கும் வரி வைத்திருப்பர். பொருந்தாவிடில் மீட்புத்தளம் 'எரர் 7' என்று மறுக்கும். அந்த வரியை அழித்துவிட்டு நிறுவுக என்னும் அறிவுரை பரவலாக வழங்குகிறது. மீட்புத்தளம் மிகப் பழையதாக இருப்பதாலும் இப்பிழை தோன்றலாம் என்பது உண்மையே. அப்போது செய்யத்தக்கது மீட்புத்தளத்தைப் புதுப்பிப்பது. காவலாளி வழிமறித்தால் காரணம் கேட்க வேண்டுமேயன்றி அவரை வேலையைவிட்டு நீக்கலாகாது.

இரண்டாம் காரணம் மறையாக்கம். மூல நிலைப்பொருள் தரவுப் பகுதியைத் தன் திறவுகோலால் பூட்டி வைத்திருக்கும். மாற்று நிலைப்பொருள் அதைத் திறக்க இயலாமல் சின்னத்திலேயே நிற்கும். மீட்புத்தளத்தில் உள்நினைவகம் 0 எம்பி என்று காட்டுவது இதன் தெளிந்த குறி. இங்கே 'வைப்' என்பதும் 'ஃபார்மட் டேட்டா' என்பதும் ஒன்றல்ல. முன்னது கோப்புகளை அழிக்கும், பூட்டை விட்டுவிடும். பின்னது பூட்டோடு சேர்த்து அழிக்கும், படங்களும் போகும். துறையூர்க் கடையொன்றில் டெட் என்று ஒதுக்கிவைத்திருந்த நோட் 5 புரோ ஒன்றை நாம் பார்த்தோம். முயல் வந்தது, மீட்புத்தளமும் வந்தது, உள்நினைவகம் 0 என்றது. ஃபார்மட் செய்தவுடன் எழுந்தது. மூன்று வாரமாக அது அலமாரியில் கிடந்ததாம்.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். அரைகுறையாக இறங்கிய கோப்பை, வெளியிட்டோர் தரும் 64 எழுத்துச் சரிபார்ப்புக் குறியோடு ஒப்பிட்டு அறியலாம். கூகுள் செயலித் தொகுப்பு அதே ஆண்ட்ராய்டுப் பதிப்புக்கு உரியதாகவும், முதல் எழுச்சிக்கு முன்பே நிறுவப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். மேசைக் கணினியில் வேலை செய்வோர் மின்தடையையும் காரணங்களுள் சேர்த்துக்கொள்க.

5. பின்னோக்கல் தடை

வன்தோல்வியின் காரணங்களுள் பின்னோக்கல் தடைக்கே தனி இடம் தர வேண்டும். பழைய பதிப்புகளில் அறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கும். திருடியவன் கருவியைப் பழைய பதிப்புக்கு இறக்கி அவ்வழியே நுழையாதபடி, சில்லில் ஓர் எண் பதிக்கப்படுகிறது. புதிய பதிப்பு வரும்போது அந்த எண் உயரலாம். ஒருமுறை உயர்ந்தது தாழாது. தொடக்க ஏற்றியின் எண் சில்லின் எண்ணைவிடக் குறைந்தால் முதற்படி அதை எழுப்ப மறுக்கும்.

நோட் 5 புரோவில் இந்த எண் 2018ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் 4 ஆனது. புதிய பதிப்பு பிடிக்காமல் பழைய மூல நிலைப்பொருளுக்கு இறங்க முயன்ற கருவிகள் திரை கறுத்து 9008 நிலைக்குப் போயின. அந்நிலையில் பதிவேற்ற நிறுவனம் ஒப்புதல் தந்த கணக்கு வேண்டும். ஆகவே வீட்டு வைத்தியம் இதற்குச் செல்லாது. இங்குதான் திருச்சிப் பேருந்து.

ஆனால் தடுப்பது எளிது. கணினியில் ஃபாஸ்ட்பூட் வழியே 'கெட்வார் ஆன்டி' என்னும் கட்டளையைத் தட்டினால் கருவியின் எண் தெரியும். நிறுவவிருக்கும் கோப்பின் எண் அதைவிடக் குறைவாயின் அக்கோப்பைத் தொடவே வேண்டாம்.

6. அடையாள எண்ணும் பூட்டும்

எழுந்த கருவியில் சிம் அட்டை வேலை செய்யாவிடில், *#06# என அழுத்தி ஐஎம்இஐ எண்ணைப் பார்க்க. எண் காணாமற்போயிருந்தால், தொடங்குமுன் எடுத்துவைத்த சொந்தக் காப்புநகலை மீட்டுவைப்பதே முறை. வேறொரு எண்ணை எழுதித் தருகிறேன் என்பவரிடம் செல்லற்க. அவ்வெண்ணை வேண்டுமென்றே மாற்றுவதும் அழிப்பதும் 2017இல் நடுவணரசு அறிவித்த விதிகளால் சட்டவிரோதமாக்கப்பட்டன.

இறுதியாகத் தொடக்க ஏற்றியின் பூட்டு. மாற்று நிலைப்பொருளை நிறுவுமுன் அதைத் திறந்திருப்போம். மாற்று நிலைப்பொருள் உள்ள நிலையில் தொடக்க ஏற்றியை மீண்டும் பூட்டினால், 'சிஸ்டம் அழிக்கப்பட்டது' என்ற அறிவிப்போடு கருவி நின்றுவிடும். மறுபடி திறக்க, நிறுவனம் விதிக்கும் காத்திருப்புக் காலத்தையும் எதிர்கொள்ள நேரும். ஒரு காலத்தில் அது 360 மணியாகவும் இருந்தது. மூல நிலைப்பொருளுக்குத் திரும்ப மி ஃபிளாஷ் என்னும் கணினி நிரலைப் பயன்படுத்துவோர் அதன் சாளரத்தின் அடிவரியைக் கட்டாயம் பார்க்க. 'அனைத்தையும் அழித்துப் பூட்டுக' என்பது அங்கே முன்னரே தெரிவாகியிருக்கும். அதை மாற்றிவிட்டுப் பொத்தானை அழுத்துக.